கையில் நிற்கும் வாடகை

வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீடு வாங்கலாமா என்று கேட்டு வரும் நண்பர்கள் முதலில் விலையைச் சொல்வார்கள். அடுத்து, மாதம் எவ்வளவு வாடகை வரும் என்பார்கள். அப்புறம் அந்தப் பகுதியில் விலை எப்படி ஏறப்போகிறது என்று ஆரம்பித்தால் பேச்சு நீண்டுகொண்டே போகும். அந்த வீட்டுக்கு யார் குடிவருவார், எதற்காக வருவார், எத்தனை ஆண்டு இருப்பார் என்று யோசித்துவிட்டு வருபவர்கள் குறைவு. எனக்கு மற்ற எல்லாக் கணக்கும் அந்தக் கேள்விகளில்தான் தொடங்குகிறது. ஒரு வீடு நல்ல முதலீடா என்பதை, எல்லாச் செலவும் போக ஆண்டு முடிவில் கையில் நிற்கும் தொகையை வைத்தே சொல்ல முடியும். பூட்டிக் கிடக்கும் மாதங்களும் கசியும் சுவர்களும் அந்தத் தொகையை எவ்வளவு வேகமாகக் கரைக்கும் என்பதை, கணக்கு எழுதிப் பார்த்தால் ஒழிய நம்ப முடியாது.

எழுதியே பார்ப்போம். வீட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி. பதிவுச் செலவு, தரகு, குடிவைக்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் சேர்த்து இன்னும் 10 ஆகிறது. ஆக, போட்ட பணம் 110. ஆண்டு வாடகை 5. விற்பவர் இதை 5 சதவீத வருமானம் என்பார். இனி கழிக்க வேண்டியவை. ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் 0.42 போகிறது. சொத்துவரி, கட்டடப் பராமரிப்புக் கட்டணத்தில் உரிமையாளர் பங்கு, காப்பீடு எல்லாம் சேர்த்து 0.5 என்று வைப்போம். சில்லறைப் பழுதுகளுக்கு 0.5. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரிய வேலைகளுக்காக ஒதுக்கி வைப்பது 0.4. மீதி 3.18. இதை 110ஆல் வகுத்தால் 2.9 சதவீதம்தான் வருகிறது. இன்னும் வருமான வரியைக் கழிக்கவில்லை.

இந்தக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது காலி மாதம். ஒரு மாத வாடகை என்பது ஆண்டு வாடகையில் 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் வீடு காலியாக இருக்கிறது என்பதற்காக வரியோ பராமரிப்புக் கட்டணமோ குறைவதில்லை. அதனால் இன்னொரு மாதம் கூடுதலாகக் காலியாக இருந்தால், கையில் நிற்கும் தொகையில் 13 சதவீதம் போய்விடுகிறது. வாடகையை இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் உயர்த்துவதைவிட, வீடு ஒரு நாளும் பூட்டிக் கிடக்காமல் பார்த்துக்கொள்வது லாபம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவில் சிறு முதலீட்டாளர்கள் இரண்டு கைக்கணக்குகள் வைத்திருக்கிறார்கள். மாத வாடகை வாங்கிய விலையில் 1 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது ஒன்று. கடன் தவணையைச் சேர்க்காமலே, வாடகையில் பாதி செலவுக்குப் போய்விடும் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கணக்கு உலகின் பெரும்பாலான பெருநகரங்களில் எட்டவே எட்டாது. அதை வைத்து வீடு தேடினால் வீடே கிடைக்காது, அல்லது யாரும் குடிவர விரும்பாத இடத்தில் கிடைக்கும். இரண்டாவதை நான் மதிக்கிறேன். அது எல்லா வீட்டுக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் யாராவது செலவு 10 சதவீதம்தான் என்று சொன்னால், எதை விட்டுவிட்டார் என்று தேட வைக்கும்.

வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று சொல்வார்கள். அதையும் எண்ணில் வைத்துப் பாருங்கள். அதே வீட்டுக்கு 60 கடன் வாங்கி, 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் கட்டுவதாக இருந்தால், ஆண்டுத் தவணை ஏறக்குறைய 6.5. கையில் நிற்பது 3.18. மீதி 3.3 ஆண்டுதோறும் உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். 5 ஆண்டுகள் தவறாமல் கட்டிய பிறகும் கடன் 53க்கு மேல் நிற்கும், ஏனென்றால் தொடக்கத் தவணைகளில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. இப்படிக் கடன் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சம்பளம் உறுதியாக இருந்து, இந்த 3.3ஐ ஒரு சேமிப்பாக நினைத்து மனமறிந்து போட முடிகிறவர்கள் போடலாம். வேலை போனாலும் அந்த ஓட்டையை ஓராண்டு அடைக்க முடியுமா என்பதுதான் கேட்டுக்கொள்ள வேண்டியது.

மாறும் வட்டியில் கடன் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2022 மார்ச் மாதம் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி, 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.50 சதவீதம் என்ற நிலைக்குப் போனது. பல நாட்டு மத்திய வங்கிகளும் அதே காலத்தில் வட்டியை உயர்த்தின. 7 சதவீதத்தில் 20 ஆண்டுகளுக்கு வாங்கிய 100 கடனுக்கு மாதத் தவணை 0.775. அந்த வட்டி 9.5 சதவீதமாக ஏறினால், முதல் மாதத்துக்கான வட்டி மட்டுமே 0.79. அதாவது பழைய தவணை வட்டிக்குக்கூடப் போதாது. குடியிருப்பவரிடம் போய், என் வட்டி ஏறிவிட்டது, நீங்கள் கூடுதலாகக் கொடுங்கள் என்று கேட்க முடியாது. அந்தப் பகுதியில் மற்ற வீடுகள் என்ன வாடகைக்குப் போகின்றனவோ அதைத்தான் அவர் தருவார். கடன் வாங்கும் முன்பே, வட்டி இரண்டரை சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று வங்கியிடமே கேட்டு எழுதி வாங்கிப் பார்ப்பது நல்லது.

சரி, வீட்டைப் பார்க்கப் போவோம்.

நான் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களோடு பேசப் பார்ப்பேன். விளம்பரத்தில் போடும் வாடகை வேறு, உண்மையில் கைமாறும் வாடகை வேறு. அதே கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர் சொல்லும் தொகையை நான் நம்புவேன். தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, இரவில் தெரு எப்படி இருக்கும், முன்னால் இருந்தவர் ஏன் காலி செய்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தரகர் ஒரு மணி நேரம் பேசினாலும் இந்த மூன்று கேள்விக்கும் பதில் வராது. ஒரே மாதிரியான வீடுகள் வாரக்கணக்கில் விளம்பரத்திலேயே கிடந்தால், வாடகை அதிகம் அல்லது அங்கே வீடுகள் அதிகம் என்று அர்த்தம். குடிவருகிறவர் எதற்காக அங்கே வருகிறார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு நிறுவனத்தையோ கல்லூரியையோ நம்பியிருக்கும் இடம் எனக்குக் கொஞ்சம் பயம் தரும். அது இடம் மாறினால் மொத்தத் தெருவும் காலியாகும்.

பெரிய, பகட்டான வீடுகளின் பக்கம் சிறு முதலீட்டாளர் போக வேண்டாம் என்பது என் கருத்து. விலை இரண்டு மடங்கானால் வாடகையும் இரண்டு மடங்காவது அபூர்வம். அந்த வாடகை கொடுக்கக்கூடியவர்கள் எண்ணிக்கையும் குறைவு, அதனால் காலி மாதங்கள் கூடும். அதே பணத்தில் இரண்டு சிறிய வீடுகள் இருந்தால், ஒன்று காலியானாலும் பாதி வாடகை வந்துகொண்டிருக்கும். ஒற்றை வீடு என்றால் முழுசாக வரும், இல்லை ஒன்றுமே வராது.

வீட்டை மழைக்குப் பிறகு பார்ப்பது உத்தமம். ஒரு மூலையில் மட்டும் புது வண்ணம் பூசியிருந்தால் அங்கே கையை வைத்துப் பாருங்கள். சுவரில் உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஈரம் ஏறியிருக்கிறது. கசிவு தெரியும் இடமும் கசிவு தொடங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் கான்கிரீட்டுக்குள் வழி தேடி எங்கோ வந்து தலை காட்டும். அதனால் மேல் வீட்டுக் குளியலறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு நேர் கீழே கூரையைப் பார்ப்பேன். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால், தண்ணீர் வேகம் எப்படிக் குறைகிறது, கழிவு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பது இரண்டும் தெரிந்துவிடும். மின்பலகையைத் திறந்து பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவைக் கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீடுகளில் உயிர்க்காப்புக்கு வைப்பது பொதுவாக 30 மில்லிஆம்பியர் அளவில் துண்டிக்கும் கருவி. அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் இணைப்பு உடனே விழ வேண்டும். அது இல்லாத வீட்டில் ஒருவரைக் குடிவைக்க எனக்கு மனசு வராது. வாங்கிய முதல் வாரமே அதைப் போட்டுவிட வேண்டும்.

அடுக்குமாடிக் கட்டடம் என்றால் சங்கத்தின் கணக்கு நோட்டும் ஒரு அறை மாதிரிதான், அதையும் பார்க்காமல் வாங்கக்கூடாது. பெரிய வேலைகளுக்கான நிதி எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எத்தனை வீடுகள் கட்டணம் பாக்கி வைத்திருக்கின்றன, லிஃப்ட் எந்த ஆண்டு போட்டது என்று கேளுங்கள். நிதி காலியாக இருக்கும் பழைய கட்டடத்தில் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கும். லிஃப்ட் மாற்றும் அன்று அந்தக் குறைவு உங்கள் பங்காகத் திரும்பி வரும். பத்திரங்களையும் வில்லங்கங்களையும் பார்க்க நல்ல வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள். அந்தக் கட்டணத்தில் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

பெரிய வேலைகளுக்கு ஒதுக்குவது என்று மேலே சொன்னேன். அதைக் குத்துமதிப்பாகப் போடாமல் கணக்காகப் போடலாம். தண்ணீர் சூடாக்கும் கருவி 10 ஆண்டு உழைக்கும் என்றால், அதன் விலையில் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு ஆண்டும் செலவாகிக்கொண்டேதான் இருக்கிறது, பில் வராவிட்டாலும். வண்ணம், மோட்டார், குளியலறைத் தரை, மேல்தளத்தில் நீர்க்காப்பு என்று ஒவ்வொன்றுக்கும் வயதையும் விலையையும் எழுதி வகுத்துக் கூட்டினால், ஆண்டுக்கு ஒதுக்க வேண்டிய தொகை கிடைத்துவிடும். இதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைப்பது என் பழக்கம். அதில் இருக்கும் பணம் லாபம் என்று தோன்றாமல் இருப்பதற்கு அது உதவுகிறது.

குடிவைப்பவரைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். வாடகை வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பொதுக் குடியிருப்புகளில் இருந்தவர்களுக்கு 1969இல் வருமானத்தில் 25 சதவீதம் என்று வாடகைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். 1981இல் அதை 30 ஆக்கினார்கள். 30 சதவீதம் என்ற பேச்சு அங்கே வேர்விட்டது. ஏழை வாடகைதாரரைக் காப்பதற்காக வந்த வரம்பு, இன்று வீட்டுக்காரர்கள் ஆளை வடிகட்டப் பயன்படுத்துவதாக ஆகியிருக்கிறது. நான் அதை ஒரு கையளவாக மட்டும் வைத்துக்கொள்வேன். கடன் சுமை இல்லாதவர் 40 சதவீதம் கொடுத்தும் நன்றாக இருப்பார். நிறையக் கடன் உள்ளவர் 25 சதவீதத்திலேயே திணறுவார். வேலை பார்க்கும் இடத்தையும், முன்பு இருந்த வீட்டுக்காரரையும் கேட்டுத் தெரிந்துகொள்வது அந்தச் சதவீதத்தைவிடப் பயனுள்ளது. இப்போது இருக்கும் வீட்டுக்காரரைவிட, அதற்கு முந்தையவரைக் கேட்பது இன்னும் நல்லது. ஏனென்றால் ஆளை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இல்லை, மறைக்கவும் ஒன்றும் இல்லை.

பிறப்பு, மதம், கல்யாணம் ஆனவரா, குழந்தைகள் இருக்கிறார்களா என்பதை வைத்து ஆளைத் தள்ளுவதை நான் ஏற்கவே மாட்டேன். அமெரிக்காவில் 1968இலேயே இனத்தையும் மதத்தையும் காட்டி வீடு மறுப்பதைச் சட்டம் தடுத்தது. குழந்தைகள் உள்ள குடும்பங்களை மறுப்பதையும் 1988இல் சேர்த்துக்கொண்டார்கள். சட்டம் இல்லாத இடத்திலும் அது அநியாயம்தான். அதோடு, நல்லபடியாக வாடகை கொடுத்து வீட்டைப் பார்த்துக்கொள்ளக்கூடிய எத்தனையோ பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, வீடு காலியாக இருக்கிறதே என்று வருந்துவதில் என்ன பயன்?

ஒப்பந்தத்தில் வாடகைத் தொகையும் தேதியும் எல்லாரும் எழுதுவார்கள். சண்டை வருவது எழுதாமல் விட்டவற்றில். குழாய் ஒழுகினால் யார் சரிசெய்வது, எவ்வளவு தொகை வரை குடியிருப்பவரே ஆளைக் கூப்பிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம், வீட்டுக்காரர் வீட்டைப் பார்க்க வர எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், காலி செய்ய எவ்வளவு கால அவகாசம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் ஊர்ச் சட்டம் முன்பணத்துக்கும் வாடகை உயர்வுக்கும் வரம்பு வைத்திருக்கலாம். அப்படி இருந்தால் அதற்கு மேல் எழுதுவது செல்லாமல் போகலாம்.

முன்பணம் நம் பணம் இல்லை. அதைச் செலவு செய்துவிட்டு, காலி செய்யும் நாளில் அடுத்து வருகிறவர் கொடுத்தால்தான் திருப்பித் தருவேன் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டி படுக்கையோடு புது வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டிய ஒரு குடும்பத்தை அப்படி நிறுத்தி வைப்பது கொடுமை. சாவி கொடுக்கும் அன்றே ஒவ்வொரு அறையையும் இருவரும் சேர்ந்து படம் எடுத்து, மீட்டர் எண்ணையும் குறித்து, இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொண்டால் கடைசி நாளில் பேச்சு சுருக்கமாக முடியும். வண்ணம் மங்குவதும் ஓரிரண்டு ஆணி ஓட்டைகளும் புழங்கியதால் வரும் தேய்மானம். உடைந்த கைகழுவும் தொட்டி சேதம். சேதத்திலும் வயதைப் பார்க்க வேண்டும்: 5 ஆண்டு உழைக்கும் வண்ணத்தை 4 ஆண்டு குடியிருந்தவர் பாழாக்கிவிட்டார் என்றால், கழிக்கத் தகுந்தது அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்குதான். முழு வீட்டுக்கும் வண்ணம் அடித்து அவர் தலையில் கட்டக்கூடாது.

பழுது என்று தகவல் வந்தால் அன்றைக்கே பதில் சொல்லிவிட வேண்டும். ஆள் நாளைக்குத்தான் வருவார் என்றாலும், அதை அன்றைக்கே சொல்லிவிடலாம். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஆண்டுக்கு 11,000 லிட்டருக்கு மேல் தண்ணீரை வீணாக்கும். ஒழுகும் தண்ணீர் சுவருக்குள் போனால், வாஷர் விலையில் முடிந்திருக்க வேண்டியது பூச்சு வேலையாக ஆகிறது. இதைவிடப் பெரிய நஷ்டம் கணக்கில் தெரியாது: சொல்லிச் சொல்லிப் பார்த்தும் நடக்காத வீட்டில் குடியிருப்பவர் அடுத்த முறை சொல்வதை நிறுத்திவிடுவார். அப்புறம் வீட்டுக்கு என்ன நடக்கிறது என்பது அவர் காலி செய்த பிறகுதான் நமக்குத் தெரியும். நம்பிக்கையான பிளம்பர் ஒருவர், எலக்ட்ரீஷியன் ஒருவர், கொத்தனார் ஒருவர் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பேசிய கூலியை அன்றே கொடுத்துவிட்டால் அவர்களும் நாம் கூப்பிட்டதும் வருவார்கள்.

வாடகையை உயர்த்தும்போதுதான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. வாடகையை 5 சதவீதம் கூட்டுகிறீர்கள், அதனால் இருந்தவர் காலி செய்துவிட்டார், அடுத்தவர் வர ஒரு மாதம் ஆனது என்றால், அந்த ஒரு மாத இழப்பை ஈடுகட்ட 20 மாதங்கள் ஆகும். தரகும் வண்ணச் செலவும் சேர்ந்தால் இன்னும் நீளும். அதற்காக உயர்த்தாமலே விட்டுவிடுவதும் சரியில்லை. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் இடத்தில் 5 ஆண்டுகள் அதே வாடகை என்றால், அதன் வாங்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கும். அதன் பிறகு ஒரேயடியாக 30 சதவீதம் கேட்டால் எவருக்கும் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆண்டுதோறும் சிறிதாக, முன்கூட்டியே சொல்லி, ஒப்பந்தத்தில் எழுதியபடி உயர்த்துவது இருவருக்கும் நல்லது. பக்கத்து வீடுகளைவிட என் வாடகை கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும் என்றுதான் நான் விடுவேன். நல்லபடியாக இருக்கும் ஒரு குடும்பம் இன்னும் இரண்டு ஆண்டு தங்கினால் அந்த வித்தியாசம் எப்போதோ திரும்பி வந்துவிடும்.

வாடகை தாமதமானால் முதல் வாரத்திலேயே பேச வேண்டும். பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், பேசினால் ஒரு வழியும் கிடைக்கும். பிரித்துக் கட்டுவதாக முடிவானால் தேதி போட்டு எழுதிக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு. 2020இல் பெருந்தொற்று வந்தபோது அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட பல நாடுகள் வாடகைதாரரை வெளியேற்றுவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தன. வேலை இழந்தவர்கள் தெருவுக்கு வராமல் காத்தது அது, சரியான முடிவு. ஆனால் ஒதுக்கி வைத்த பணம் இல்லாத சிறு உரிமையாளர்கள் தவணை கட்ட முடியாமல் தவித்தார்கள். ஆறு மாதத் தவணையும் செலவும் கையில் இல்லாமல் வாடகை வீடு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தூரத்தில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. வசூலாகும் வாடகையில் 10 சதவீதம் அவருக்கு என்றால், மேலே போட்ட கணக்கில் கையில் நிற்பதில் ஏழில் ஒரு பங்கு போகிறது. அதை வாங்கும் முன்பே கழித்துப் பார்க்க வேண்டும்.

விலை ஏறுவதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாததற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 2006க்கும் 2012க்கும் இடையில் வீட்டு விலை நாட்டுச் சராசரியிலேயே கால்பங்குக்கு மேல் விழுந்தது. விலை ஏறும் என்று மட்டும் நம்பி, மாதாமாதம் கைப்பணத்தைப் போட்டு வந்தவர்களில் பலர் அந்த ஆண்டுகளில் தாங்க முடியாமல் வீட்டை இழந்தார்கள். வாடகையிலேயே செலவும் தவணையும் நடந்த வீடுகளை வைத்திருந்தவர்களுக்குக் காத்திருக்க முடிந்தது. அதனால் விலை ஏற்றத்தை வாங்கும் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

விற்கும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். 100க்கு வாங்கிய வீடு இன்று 200க்குப் போகும், செலவெல்லாம் போக ஆண்டுக்கு 4.5 கையில் நிற்கிறது என்றால், வாங்கிய விலைக்கு அது நல்ல வருமானம். இன்றைய விலைக்கு 2.25 சதவீதம்தான். இன்று இதே 200 கையில் இருந்தால் இந்த வீட்டையே வாங்குவேனா என்று கேட்டுக்கொண்டால், வைத்திருப்பதா விற்பதா என்று தெளிவாகும். விற்பதென்றால் தரகருக்குச் சொல்லும் முன் குடியிருப்பவரிடம் சொல்லுங்கள். அவரே வாங்க விரும்பலாம். இல்லாவிட்டாலும், அவர் அங்கேயே தொடர்வாரா, ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் காலத்தைப் புது உரிமையாளர் மதிப்பாரா, முன்பணத்தைக் குடியிருப்பவருக்கு யார் திருப்பித் தருவது என்பதை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதி, அதன் நகல் ஒன்றை அவர் கையிலும் கொடுத்துவிட வேண்டும்.